அதிர்வை யாரோ குறைக்கிறார்கள்

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. ஆனால் அலுவலகத்தில் என் வேலையில் யாரோ கை வைக்கிறார்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் "ஆதாரம் என்ன சபாபதி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்காகத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

பீளமேட்டில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய வீடியோ கேம் கம்பெனி எங்களுடையது. இப்போது செய்துகொண்டிருப்பது 'மலை வண்டி' என்ற விளையாட்டு. மலைப்பாதையில் பழைய பஸ் ஒன்றை ஓட்டி மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விளையாடுகிறவர் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலர் ரோட்டுக்குத் தகுந்தபடி அதிரும் அல்லவா, அந்த அதிர்வு என் பொறுப்பு. கன்ட்ரோலருக்குள் இரண்டு சின்ன மோட்டார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு எடையை நடுவில் இல்லாமல் ஒருபக்கமாகக் கோத்திருப்பார்கள். சுற்றும்போது அது தள்ளாடும், பிடித்திருக்கும் கை நடுங்கும். இடது பக்கம் இருப்பது பெரிய எடை, பள்ளத்துக்கும் மோதலுக்கும். வலது பக்கம் சின்ன எடை, ஜல்லிக்கும் மழைக்கும். எதை எப்போது எவ்வளவு சுற்றவிடுவது என்று நூற்றுக்குள் ஒரு எண் கொடுப்பேன். அந்த எண் சரியாக அமைந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் வளைவு வரும்போது தன்னையறியாமல் உடம்பைச் சாய்ப்பான். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கம்பெனியை விட்டு வெளியே போகும் எந்த விளையாட்டிலும் அதிர்வுக்குக் கடைசிக் கையெழுத்து என்னுடையதுதான்.

இன்று, பஸ் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். நான் கொடுத்திருந்தது இருபது. கையில் ஒன்றுமே இல்லை. திரையில் பார்த்தால் எண் இருபதாகவே இருக்கிறது. ஆக, குறைத்த ஆள் எண்ணில் கை வைக்காமல் வேறெங்கோ வைத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான். முப்பத்தைந்து ஆக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

சந்தேகம் ஜோவிட்டா மேல். தூத்துக்குடிப் பெண். ஜனவரியில் எனக்கு உதவியாக எடுத்தார்கள். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் உதவிக்கு ஆள் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

முப்பத்தைந்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், கொஞ்சம் கூடுதலா இருக்கோ? எனக்குக் கை கூசுது சார்" என்றாள். ரொம்பப் பணிவாகச் சொன்னாள். அந்தப் பணிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்திருக்கிறது. நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். பூக்காரம்மாள் கூப்பிட்டு, "ஏனுங்க, செருப்பு இங்க இருக்குதுங்க!" என்றார். புதுச் செருப்பு. கடைக்காரன் ஒரு சைஸ் பெரியதைத் தலையில் கட்டிவிட்டான்.

ஜூன் 9, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினேன். இட்லிக் குண்டாவின் மூடியை எடுத்துக் கீழே வைத்தேன். என் மனைவி கோமதி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் நீட்டினாள்.

"ஏனுங்க, விரலெல்லாம் வெந்து கெடக்குது. சூடு தெரியலீங்களா?"

தெரியாமல் என்ன? யோசனையில் இருந்தேன். இவள் அடுப்பை எப்போதும் பெரிதாகவே வைக்கிறாள், அதைச் சொன்னால் கோபம் வருகிறது. அதோடு விடாமல் பழைய பாட்டை ஆரம்பித்துவிட்டாள். போன வருசம் டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, மாத்திரை. மாத்திரை போடுகிறேன். ஞாபகம் இருக்கும் நாளெல்லாம் போடுகிறேன்.

சாயங்காலம் பேக்கரியில் டீயும் தேன் கேக்கும். ஒன்றுதான் சாப்பிட்டேன். இன்னொன்று முதலாளி ரிஸ்வான் வாங்கிக் கொடுத்தது, அது கணக்கில் வராது.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் அலுவலகத்தில் 'கண்கட்டு' நடக்கும். நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டை ஓடவிட்டு, கையில் கன்ட்ரோலரைக் கொடுப்போம். இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு அதிர்வை அனுப்புவார். கையில் வருவது என்ன என்று சொல்ல வேண்டும். ஜல்லியா, மழையா, பாலத்தின் இணைப்பா, பிரேக்கா? தோற்றவர் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும். நான் இதுவரை பப்ஸ் வாங்கியது கிடையாது.

இன்றும் எல்லாம் சரியாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஜோவிட்டா மட்டும், "சார், கன்ட்ரோலரை ஏன் நாடிக்கிட்ட கொண்டு போறீங்க?" என்று கேட்டாள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி. நான் மோவாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் இவளுக்கென்ன? மோட்டார் சுற்றும்போது சத்தம் வரத்தான் செய்யும். பெரியது உறுமும், சின்னது ரீங்காரம் போடும். பாட்டின் இடைவெளியில் அது காதில் விழுந்தால் விழட்டுமே, விழுவதைத் தடுக்கவா முடியும்? அதுவும் அனுபவம்தான்.

ஜூன் 16, திங்கள்

விளையாடிப் பார்க்கச் சொல்லி வெளியாட்கள் சிலருக்கு 'மலை வண்டி'யை அனுப்பியிருந்தோம். அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. ரிஸ்வான் என்னை அறைக்குள் கூப்பிட்டான். முதலாளி என்றாலும் என்னைவிடப் பத்து வயது சின்னவன். அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

"சபாபதிண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் மிக்ஸியப் புடிச்சுட்டு உக்காந்த மாதிரி இருக்குதுங்கறாரு. இன்னொருத்தர் கை மரத்துப் போச்சுன்னு பாதியில நிறுத்திட்டாராமா. கொஞ்சம் பாத்துக்கங்ணா."

நல்ல அதிர்வை அனுபவிக்கத் தெரியாத ஜனங்கள். அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருப்பதைக் கவனித்தேன். யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது போல இருந்தது.

ஜூன் 18, புதன்

இன்ஜின் அறுபது.

ஜூன் 20, வெள்ளி

கண்கட்டுக்கு ஹெட்போன் கிடையாதாம். பவுண்டரியில் இரைச்சலுக்கு மாட்டிக்கொள்வார்களே, அந்தக் காதடைப்பை வாங்கி வைத்திருக்கிறார்கள். யோசனை யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, ஜோவிட்டா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை என்றேன், பாலம் என்றார்கள். பாலம் என்றேன், பிரேக் என்றார்கள். காதை அப்படி இறுக்கினால் தலை வலிக்கத்தானே செய்யும், தலை வலிக்கும்போது யாரால் சரியாகச் சொல்ல முடியும்? யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் ஆறிப்போன பப்ஸ். பேக்கரிக்காரனும் ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறான். மற்றவர்கள் என்னவோ ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுதும்போது எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

கோமதி குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் அடித்தது. எடுக்கலாம் என்று பார்த்தால் திரையில் 'ஜோவிட்டா ஆபீஸ்' என்று வருகிறது. என் மனைவிக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன பேச்சு? எடுக்க விரலை வைத்துத் தேய்த்தேன், அந்த சனியன் பிடித்த திரை நகரவில்லை. மறுபடி தேய்ப்பதற்குள் நின்றுவிட்டது.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டேன். "ஆபீசிலிருந்து யாராவது பேசினார்களா?"

"இல்லைங்களே. ஏனுங்க?" என்றாள். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜூன் 25, புதன்

அலுவலகத்துக்கு லீவு. இந்த வேலையில் எனக்கென்று ஒரு முறை உண்டு. சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரை நம்பாமல் நேராகப் போய் பஸ்ஸில் ஏறிவிடுவேன். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மலை ஏறி இறங்குவேன். இன்றும் மேட்டுப்பாளையம் போய் அப்படி ஏறினேன். வேண்டுமென்றே இருப்பதிலேயே பழைய வண்டியாகப் பார்த்து ஏறினேன்.

ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் கடகடவென்று ஆடுகின்றன. பக்கத்தில் இருந்தவர் மடியில் வைத்திருந்த தூக்குப்போசியின் மூடி தாளம் போடுகிறது. கம்பியைப் பிடித்திருக்கும் என் கைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு வளைவில் வண்டி குலுங்கி நெஞ்சு முன்சீட்டில் இடித்தது, அது தெரிந்தது. கம்பிக்கு அடியில் ரப்பர் ஏதாவது வைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் நன்றாகச் செய்கிறார்கள்.

இறங்கியதும் தேன் கேக் சாப்பிட மனம் வரவில்லை. டீ மட்டும் குடித்தேன். டம்ளர் கையில் நிற்காமல் நழுவி உடைந்தது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் கோமதி பக்கத்தில் நின்று இந்த டைரியைப் பார்க்கிறாள். "எழுத்து ஏனுங்க இப்படிக் கோணிக்குது? முத்து முத்தா எழுதுவீங்களே!" என்றாள். பேனா சரியில்லை என்றேன்.

ஜூன் 30, திங்கள்

கிடைத்துவிட்டது ஆதாரம்!

வெளியாட்களுக்கு இரண்டாம் முறை அனுப்பிய விளையாட்டை என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். இன்ஜின் நான் வைத்தது அறுபது, அதில் இருப்பது பதினெட்டு. ஜல்லி நான் வைத்தது எழுபது, அதில் இருப்பது இருபத்தைந்து. எல்லா எண்ணும் குறைக்கப்பட்டிருக்கிறது. என் கையெழுத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாமல். அனுப்பும் வேலை ஜோவிட்டாவுடையது.

நான் பைத்தியம் இல்லை. ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன். இதை எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருக்கிறது.

அந்த விளையாட்டுக்கு இந்த முறை நல்ல அபிப்பிராயம் வந்திருக்கிறதாம். அது வேறு விஷயம்.

ஜூலை 2, புதன்

ரிஸ்வானிடம் நேராகப் போய் "எண்ணை மாற்றிவிட்டாள்" என்று சொல்லலாம். ஆனால் அவள் "சாருடைய எண் அதிகம், அதனால்தான் மாற்றினேன்" என்பாள். அதிகம் என்று அவள் சொல்வதே பொய் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரியான இரண்டு கறுப்புக் கன்ட்ரோலர்களைக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒன்றை மட்டும் பிரித்தேன். இரண்டு மோட்டாருக்கும் போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி மூடிவிட்டேன். இனி அது ஜென்மத்துக்கும் அதிராது. வெள்ளிக்கிழமை ரிஸ்வான் முன்னால் அதை அவள் கையில் கொடுப்பேன், நல்லதை நான் வைத்துக்கொள்வேன். வழக்கம்போல "கூடுதலா இருக்கு சார்" என்பாளே, உடனே அங்கேயே பிரித்துக் காட்டுவேன். செத்த கன்ட்ரோலர் எப்படியம்மா கூடுதலாக அதிரும்?

இந்த வேலைக்கு நேரம் பிடித்தது. கன்ட்ரோலரில் வரும் திருகாணிகள் கடுகளவுதான் இருக்கும். ஒன்றும் பிடிபடவில்லை, ஒவ்வொன்றாக மேஜையில் உருண்டு ஓடின. கோமதிதான் பொறுக்கிப் பொறுக்கிக் குழியில் வைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று நான் சொல்லவில்லை.

இரண்டையும் பையில் போடும்போது, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே. எது எதுன்னு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வெச்சரட்டுங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் இதே வேலை பார்த்த கை. எடுத்து ஓடவிட்டால் ஒரு நொடியில் தெரியாதா எது உயிருள்ளது, எது செத்தது என்று? அதற்கெல்லாம் அடையாளம் வேண்டாம் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரிஸ்வானின் அறை. நான், ஜோவிட்டா, அவன், மூன்று பேர்தான். பையைக் காலையிலிருந்து நான் யார் கையிலும் கொடுக்கவில்லை, பஸ்ஸிலும் மடியிலேயே வைத்திருந்தேன். அவர்கள் வருவதற்கு முன் இரண்டையும் கம்ப்யூட்டரில் சொருகி ஓடவிட்டுப் பார்த்தேன். கீழே ரோட்டில் லாரி ஹாரன், மேலே ஏசி இரைச்சல். ஒன்றில் அதிர்வு இருந்தது போலிருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதை ஜோவிட்டாவிடம் கொடுத்தேன்.

"ரெண்டு பேர் கையிலும் ஒரே எண், ஒரே காட்சி. என்ன வருகிறது என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லுவோம். முதலாளி கேட்கட்டும்" என்றேன்.

ரிஸ்வான் காட்சியை ஓடவிட்டான். நான் முதலில் சொன்னேன். தார் ரோட்டில் மெல்லிய நடுக்கம். இப்போது ஜல்லி, வலது கையில் பொடிப்பொடியாக வருகிறது. பாலத்தின் இணைப்பு, இடது உள்ளங்கையில் இரண்டு தட்டு. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

"நீ சொல்லம்மா" என்றேன்.

ஜோவிட்டா கன்ட்ரோலரை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "பலமா அடிக்கு சார். என்னால பிடிக்க முடியல. ரொம்பக் கூடுதல் சார்."

அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த ஆனந்தத்தை மறைக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். "பாரு ரிஸ்வான், செத்த கன்ட்ரோலர் இவளுக்குப் பலமாக அடிக்கிறதாம்!" என்று சொல்லி அவளுடையதைத் திருப்பிப் போட்டேன். அவசரத்தில் திருகாணி சிக்கவில்லை. ரிஸ்வானே வாங்கிக் கழற்றினான்.

உள்ளே இரண்டு ஒயர்களும் அதனதன் இடத்தில் இருந்தன.

ரிஸ்வான் மெதுவாக, "அப்ப உங்க கையில இருக்கறது என்னதுங்ணா?" என்று கேட்டுக் கையை நீட்டினான். அதற்குள் ஜோவிட்டா எழுந்து வந்து என் கையிலிருந்ததை வாங்கி என் பையில் போட்டுவிட்டாள்.

"பொறவு பாக்கலாம் சார்" என்றாள் அவனிடம்.

அவள்தான் மாற்றியிருக்க வேண்டும். எப்போது, எப்படி என்று தெரியவில்லை. ஆனால் அவள்தான்.

ஜூலை 5, சனி

பை என் மடியை விட்டு இறங்கவே இல்லை. மாற்றியிருக்க முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

கோமதி கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் பையிலிருந்ததைப் பிரித்தேன். ஒயர்கள் நான் கழற்றிவிட்டபடியே தொங்கிக்கொண்டிருந்தன. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தார் ரோடு, ஜல்லி, பாலம் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் ஒப்பித்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் அழகாக எழுதத் தெரியவில்லை.

கோமதி வந்ததும் வீட்டில் என்னிடம் இருக்கும் இன்னொரு கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் சொருகி, என் எண்ணில், அறுபதில் வைத்து, "இதைப் பிடித்துப் பார்" என்று கொடுத்தேன். பிடித்த வேகத்தில், "அய்யய்யோ, என்னங்க இது!" என்று சோபா மேல் போட்டுவிட்டாள். அது அங்கே தானாகத் துள்ளித் துள்ளி நகர்ந்தது. எடுத்து என் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டேன். துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது.

அவளிடம் சொன்னேன். பஸ் கம்பி, செருப்பு, டம்ளர், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியுமுங்க" என்று மட்டும் சொன்னாள். ஜோவிட்டாவின் நம்பரை ரிஸ்வானிடம் கேட்டு வாங்கி முதலில் பேசியவள் இவள்தானாம், இட்லி மூடி அன்றைக்கே. ஆபீசில் எப்படி இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறாள். ஜூன் மாதம் முழுக்க இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். நான் நினைத்தது சரிதான், சதி நடந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்க நம்பர் போட்டு வைத்த சதி.

ஜூலை 7, திங்கள்

ஜோவிட்டாவைக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன். "என் எண்ணை எல்லாம் நீதானே குறைத்தாய்?"

"ஆமா சார்." மறைக்கவில்லை. "முதல் தடவை நீங்க வச்சது அப்படியே போச்சு. அதுக்கு அவங்க எழுதினதைப் பாத்து நீங்க சாப்பிடாம கூட இருந்தீங்க. சாருக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு பொறவு குறைச்சு அனுப்பினேன். உங்க பழைய விளையாட்டுல இருந்த எண்ணைத்தான் சார் எடுத்துப் போட்டேன். நானா ஒண்ணும் போடல."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். கூடுதலா இருக்குன்னு சொல்லிட்டேதான் இருந்தேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ரிஸ்வான் கதவைச் சாத்திவிட்டுப் பேசினான். விளையாட்டு இந்த மாதக் கடைசியில் கடைக்குப் போகிறது, அதிர்வுக்குக் கடைசிக் கையெழுத்து வேண்டும். "அண்ணா, நான் ஒண்ணும் முடிவு பண்ணலீங்ணா. அண்ணி வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நம்பர் போட்டிருக்காங்களாமா. போயிட்டு வாங்க. கையில ஒண்ணுமில்ல, நல்லா இருக்குதுன்னு அவரு எழுதிக் குடுத்துட்டா, கையெழுத்து எப்பவும் போல உங்களோடதுதான். இல்லீன்னா ஜோவிட்டா போடட்டும். எனக்கும் வேற வழி தெரியலீங்ணா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். ஒரு காகிதம் போதும். இந்த வேலையை எடுத்துவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

டாக்டரின் அறையில் கரண்ட் இல்லை. ஃபேன் நின்றிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் பார்த்தார். கோமதி பக்கத்து நாற்காலியில் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேஜையிலிருந்து இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்தார். "இதைத் தட்டினா அதிரும். உங்க விரல் எலும்பு மேல வைப்பேன். கண்ணை மூடிக்கிட்டு, அதிர்வு எப்ப நிக்குதோ அப்பச் சொல்லுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. உலகத்தில் இத்தனை பரிசோதனை இருக்க, என் தொழிலையே எடுத்து என் விரல் மேல் வைக்கிறார்.

கண்ணை மூடினேன். தட்டினார். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்தது, கவை முனகுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வலது கை ஆள்காட்டி விரல். முனகல் தேய்ந்து வந்து நின்றது. "நின்னுருச்சுங்க" என்றேன். "சரியா சொல்றீங்களே!" என்றார். இடது கை. மறுபடி கேட்டுக்கொண்டே இருந்து, நின்றதும் சொன்னேன். அவர் ஏதோ குறித்துக்கொள்வது கேட்டது. அந்தக் காகிதம் என் கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது.

கண்ணைத் திறந்தேன். கோமதி முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அப்ப கையில ஒண்ணுமில்லீங்களா டாக்டர்?" என்றாள். "நானாத்தான் இல்லாததயெல்லாம் நெனச்சுப் பயந்து, இவரையும் பயமுறுத்தி வெச்சுட்டனாட்ட இருக்குது. இவரு பாவமுங்க, ஒரு மாசமா இவரு மேல சந்தேகப்பட்டே உசுர வாங்கிட்டனுங்க." காகிதங்களை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு மாதமாக நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. செருப்புக் கடைக்காரன், பேக்கரிக்காரன், பஸ் கம்பி, ஜோவிட்டா, இவள் உள்பட. ஒருவர் மேல்கூட நியாயமான சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்டதில் சரியாக இருந்தவள் இவள் ஒருத்திதான், இப்போது அவளும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

"டாக்டர், மறுபடி ஒரு தடவை வைங்க" என்றேன்.

அவர் யோசனையோடு பார்த்தார். பிறகு கவையைத் தட்டி வலது விரலில் வைத்தார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. இடது கையால் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டேன், பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கவை முனகி முனகி ஓய்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"நின்னுருச்சே, சொல்லலையே நீங்க?" என்றார்.

"எனக்கு ஆரம்பிக்கவே இல்லைங்க டாக்டர்" என்றேன்.

அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த விரலைக் கையில் எடுத்தார்.